பின்தங்கியவருக்கும் ஆட்டம் இருக்க வேண்டும்: உங்கள் குழுவுக்கு எந்த நாகரிக போர்டு கேம்?

நான்காவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி நான்கு பேர். அதில் மூன்று பேர் தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த முறை உலக அதிசயத்தைக் கட்டி முடித்தால் படைக்கு என்ன மிஞ்சும், அடுத்த முறை மக்கள் பசியில்லாமல் இருப்பார்களா என்று. நான்காமவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தன் முறை வரும்போது நிமிர்ந்து ஒரு கார்டை எடுத்து வைப்பார், மறுபடி சாய்ந்துகொள்வார். அவருடைய நாட்டில் பண்ணைகள் இருந்தன, கோயில்கள் இருந்தன, படை மட்டும் இல்லை. இரண்டு பேர் மாறி மாறி அவரைத் தாக்கியிருந்தோம். அந்த இருவரில் நானும் ஒருவன். விதிப்படி அதுதான் சரியான ஆட்டம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் நீண்ட கேம் எதற்கும் வரவில்லை.

அன்றிலிருந்து, சிறிய நாடொன்றை யுகம் யுகமாக வளர்க்கும் ஒரு நாகரிக கேமைக் குழுவுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி மாறிவிட்டது. எவ்வளவு நேரம், எத்தனை பேர், எவ்வளவு கடினம் என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால் முதலில் தெரிய வேண்டியது இது: பாதி ஆட்டத்திலேயே பின்தங்கிவிட்டவர் மீதி நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்?

மற்ற வகை கேம்களில் இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. நாகரிக கேமின் அடிப்படையே வட்டி குட்டி போடுவது மாதிரியான வளர்ச்சி. முதல் அரை மணியில் ஒரு பண்ணை கூடுதலாக வைத்தவருக்குச் சீக்கிரமே ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கிறார், அந்த ஆள் சுரங்கத்துக்குப் போகிறார், சுரங்கத்தில் வருவது ஆய்வுக்கூடமாகிறது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நாடு எழுந்து நிற்பதைப் பார்க்கும் அந்த மகிழ்ச்சிக்காகத்தான் நாம் இந்த கேம்களைத் தேடிப் போகிறோம். அதே கணக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. முதல் அரை மணியில் தவறிய ஒரு அடி, மூன்றாவது மணி நேரத்தில் எட்டவே முடியாத இடைவெளியாகிவிடும். ஒவ்வொரு கேமும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. அந்த வேறுபாட்டை வைத்தே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நான் சொன்ன அந்த இரவில் ஆடியது த்ரூ தி ஏஜஸ். செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாடா ஹ்வாட்டில் 2006-இல் வெளியிட்டு, 2015-இல் திருத்திய பதிப்பாகக் கொண்டுவந்த கேம். 2 முதல் 4 பேர். நாகரிக கேம் என்றதும் மனதில் வரும் மேப் இதில் கிடையாது. மேசை நடுவில் 13 கார்டுகள் வரிசையாக இருக்கும். முதல் ஐந்தில் ஒன்றை எடுக்க ஒரு செயல் போதும், அடுத்த நான்குக்கு இரண்டு, கடைசி நான்குக்கு மூன்று. புதிதாக வந்த கார்டு உடனே வேண்டுமென்றால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மலிவாகட்டும் என்று காத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிடுவார். தலைவர்கள், அதிசயங்கள், ஆட்சி முறைகள், தொழில்நுட்பங்கள் எல்லாம் இந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஆட்டம் தொடங்கும்போது ஒரு முறைக்குக் கையில் இருப்பது நான்கு ஆட்சிச் செயலும் இரண்டு படைச் செயலும் மட்டும். இந்த நான்கை எதற்குச் செலவிடுவது என்பதில் முழு ஆட்டமும் அடங்கியிருக்கிறது. அரிஸ்டாட்டில் கையில் வந்தால் தொழில்நுட்ப கார்டுகளைத் தேடி எடுக்கத் தோன்றும், சீசர் வந்தால் படை பக்கம் மனம் போகும். நான் ஆடியவற்றில் இவ்வளவு ஆழமான நாகரிக கேம் வேறு இல்லை. பத்துப் பதினைந்து முறை ஆடிய பிறகும் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது.

ஆனால் பின்தங்கியவர் மீது இந்த கேம் கருணை காட்டாது. படையில் கடைசியில் இருப்பவரைப் பல நிகழ்வு கார்டுகள் தேடி வந்து அடிக்கும். திடீர்த் தாக்குதலும் அவர் மீதே விழும். முறையான போர் என்றால், அறிவித்தவரின் அடுத்த முறை வரும்வரை எதிராளிக்குத் தயாராக ஒரு சுற்று அவகாசம் உண்டு. ஆனால் கையில் எதுவும் இல்லாதவருக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்? வெற்றியைத் தீர்மானிக்கும் பண்பாட்டுப் புள்ளிக்காக நடக்கும் போரில் இரு படைகளுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே புள்ளியாகக் கைமாறும், அதனால் வலுத்தவர் மேலும் வலுப்பார். இதன் வலி வடிவமைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் ஒருவர் தன் நாகரிகத்தை எடுத்துக்கொண்டு விலகலாம் என்று விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஒரு போர்டு கேமில் இப்படி ஒரு விதியைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. இப்போது அது நேர்மையான விதி என்று தோன்றுகிறது.

தாக்குதலையும் போரையும் நீக்கிவிட்டு ஆடும் அமைதி முறையும் இருக்கிறது. அதை இரண்டு முறை ஆடிப் பார்த்தோம். எனக்குத் திருப்தி இல்லை. படைக்குப் பயப்படத் தேவையில்லை என்றதும் ஆளாளுக்குத் தன் பலகையோடு தனியாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பக்கத்து நாட்டின் பீரங்கியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நூலகம் கட்டும் அந்தப் பதற்றம்தான் இந்த கேமின் உயிர். அதை எடுப்பதைவிட வேறு கேம் ஆடலாம்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, மேசைக்கு வருவதற்கு முன்பே எல்லாரும் இரண்டு மூன்று முறை ஆடியிருப்பது. 2017-இல் வந்த இதன் மொபைல் செயலி படிப்படியாகச் சொல்லித் தரும். கணினியோடு மோதித் தோற்கலாம், யாருடைய மாலையும் வீணாகாது. நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு தேர்ந்தவர்கள் என்றால் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் முடியும், யாரும் படையைக் கைவிடவும் மாட்டார்கள். ஒருவர் தேர்ந்தவர், மூவர் புதியவர்கள் என்ற மேசையில் மட்டும் இதைத் திறக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில், இந்த வகைக்கே தாய் என்று சொல்லத்தக்க சிவிலைசேஷன் நிற்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் டிரெஷம் வடிவமைத்து 1980-இல் வந்தது. அதே பெயரில் சிட் மையரின் கணினி விளையாட்டு வந்தது 1991-இல்தான். டிரெஷமின் கேம் 2 முதல் 7 பேருக்கானது. கிழக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றிய மேப், பகடையே கிடையாது. நேரம்? ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்தால் பின்தங்கியவருக்கு இது நரகமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. அதுதான் இந்தப் பழைய கேமிடம் என்னைக் கட்டிப்போட்ட விஷயம்.

காரணம் அதன் பேரம். நகரங்கள் எத்தனையோ அத்தனை வணிக கார்டுகள் வருகின்றன. ஒரே சரக்கின் கார்டுகள் சேரச் சேர மதிப்பு வர்க்கமாக ஏறும். ஒரு உப்பு கார்டுக்கு 3, நான்கு உப்புச் சேர்ந்தால் 48. ஆகவே தனியாக இருந்து யாரும் பணக்காரர் ஆக முடியாது, பேரம் பேசியே ஆக வேண்டும். ஒரு பேரத்தில் குறைந்தது மூன்று கார்டுகள் கைமாற வேண்டும், அவற்றில் சிலவற்றை மட்டும் உண்மையாகச் சொன்னால் போதும். மீதியில் பேரிடர் கார்டு ஒளிந்திருக்கலாம். கொள்ளைநோய் இப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் புன்னகையோடு போய்ச் சேரும். முன்னணியில் இருப்பவரோடு பேரம் பேச எல்லாரும் தயங்குவார்கள். கடைசியில் இருப்பவரிடம் எல்லாரும் வந்து நிற்பார்கள். அவர் கையில் இரண்டு உப்பு இருந்தால் அந்தப் பத்து நிமிடம் அவர்தான் மேசையின் ராஜா.

விதிகளும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. மக்கள்தொகை அதிகம் உள்ளவர் முதலில் நகர்த்த வேண்டும். சிறியவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் காய்களை நகர்த்தலாம். உள்நாட்டுப் போர் என்ற பேரிடர் வந்தால், உடைந்து போகும் பாதி நாடு, மேப்பில் இறங்காத காய்களை அதிகம் வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும். அதாவது, பெரும்பாலும் நலிந்தவரிடம். ஐந்தாவது மணி நேரத்தில் ஒருவருடைய பேரரசில் பாதி திடீரென்று தன்னுடையதாகும்போது ஓரத்தில் இருந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகவே நான் இன்னொரு முறை எட்டு மணி நேரம் உட்காரத் தயார்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து பேருக்குக் குறைந்தால் பேரம் சப்பென்று இருக்கும். ஒரு நாள் முழுவதும் ஆறு பேரை ஒரே அறையில் வைப்பது எவ்வளவு கடினம் என்று குழு நடத்துபவர்களுக்குத் தெரியும். ஒருவர் இடையில் கிளம்பினால் மேப்பில் ஓட்டை விழும். 1991-இல் வந்த அட்வான்ஸ்டு சிவிலைசேஷன் பேரத்தை இன்னும் விரிவாக்கியது. 2015-இல் வந்த மெகா சிவிலைசேஷன் 5 முதல் 18 பேர் ஆடுவது. அதற்கு அறை மட்டும் போதாது, கூடம் வேண்டும். அதன் வழியில் வந்த வெஸ்டர்ன் எம்பயர்ஸ் 5 முதல் 9 பேருக்கு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் கூடும் நாளுக்கு இது. வாராந்தரக் குழுவுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

வாரந்தோறும் நான்கைந்து பேர் வருகிறார்கள், அதில் சிலர் நன்றாக ஆடுவார்கள், சிலர் இப்போதுதான் பழகுகிறார்கள் என்றால் நான் சொல்வது நேஷன்ஸ். 2013-இல் பின்லாந்துப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வந்தது. 1 முதல் 5 பேர். பெட்டியைத் திறந்தால் த்ரூ தி ஏஜஸின் தம்பி மாதிரி தெரியும். இதிலும் மேப் இல்லை, கார்டு வரிசை, தொழிலாளர்கள், நான்கு யுகங்கள். ஆனால் ஒரு முறைக்கு ஒரே ஒரு செயல்தான். செய்துவிட்டு அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். ஐந்து பேர் இருந்தாலும் காத்திருப்பு சலிப்பதில்லை. யுகத்துக்கு இரண்டு சுற்று, மொத்தம் எட்டுச் சுற்றில் முடிந்துவிடும், ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேஷன்ஸில் இரண்டு ஏற்பாடுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, போர் யாரையும் குறிவைப்பதில்லை. ஒருவர் போர் கார்டை வாங்கும்போது அவருடைய படை பலம் எவ்வளவோ, அந்த அளவு எல்லாருக்கும் எல்லையாகிறது. சுற்று முடியும்போது அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்கள் இழப்பார்கள். நாட்டில் நிலைத்தன்மை அதிகம் இருந்தால் இழப்பு குறையும். ஆகவே படை வைக்காதவருக்கும் தப்பிக்க ஒரு வழி உண்டு, “என்னை ஏன் அடித்தாய்” என்ற மனவருத்தமும் எழாது. இரண்டாவது, ஒவ்வொருவரும் தனக்கென ஒரு நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சியின்போது புதியவர் நான்கு வளம் எடுத்துக்கொள்வார், பழகியவர் மூன்றோ இரண்டோ, மிகத் தேர்ந்தவர் ஒன்றே ஒன்று. இது வீட்டு விதி இல்லை, விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே மேசையில் நான்கு எடுப்பவரும் ஒன்று எடுப்பவரும் உட்கார்ந்து கடைசிச் சுற்றுவரை முட்டிமோதலாம். இந்த ஒரு ஏற்பாட்டை மற்ற நாகரிக கேம்களும் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

த்ரூ தி ஏஜஸ் அளவுக்குக் கதை இதில் உருவாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்டுகள் நிறைய, எது வெளியே வரும் என்பது அதிர்ஷ்டம். படை வேண்டிய சுற்றில் படை கார்டே வராமல் போகலாம். ஒரு நாட்டை வளர்த்தோம் என்ற நிறைவைவிட ஒரு புதிரை அழகாகத் தீர்த்தோம் என்ற நிறைவே மிஞ்சும். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

சரி, மேப் இல்லாத நாகரிகம் என்ன நாகரிகம் என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இருட்டில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு நிலப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, அங்கே மலையா கடலா என்று தெரிந்துகொள்வதற்கு ஈடு எதுவுமில்லை. அவர்களுக்கு கிளாஷ் ஆஃப் கல்ச்சர்ஸ். கிறிஸ்டியன் மார்க்குசென் வடிவமைத்து 2012-இல் வந்தது, 2021-இல் மானுமென்டல் எடிஷனாகத் திரும்பி வந்தது. ஆறு சுற்று, சுற்றுக்கு மூன்று முறை, முறைக்கு மூன்று செயல். ஆக மொத்தம் ஒருவருக்கு 54 செயல்கள். அதற்குள் நகரம் கட்ட வேண்டும், 48 முன்னேற்றங்களில் தேவையானதைக் கற்க வேண்டும், காட்டுமிராண்டிகளைச் சமாளிக்க வேண்டும். பக்கத்து நகரத்தைப் படையால் பிடிக்கலாம், அதன் கட்டடங்களைப் பண்பாட்டாலும் தன் பக்கம் இழுக்கலாம். நகரம் பறிபோனால் வலிக்கும், ஆனால் மேப் இருப்பதால் பின்தங்கியவருக்கு ஒரு தெரிவு எப்போதும் உண்டு: ஒரு மூலையில் ஒதுங்கி, தன் குறிக்கோள் கார்டுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரலாம். 2 முதல் 4 பேர்தான் என்பது ஐந்து பேர் குழுவுக்கு இடிக்கும். நான்கு பேர் ஆடினால் நான்கு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

கணினி விளையாட்டின் பெயர் தாங்கிய சிவிலைசேஷன்: எ நியூ டான் 2017-இல் வந்தது. இதில் ஐந்து கவனக் கார்டுகள், ஒவ்வொன்றும் ஒரு வகைச் செயல், வரிசையாக இருக்கும். ஒன்றைப் பயன்படுத்தினால் அது முதல் இடத்துக்கு இறங்கி வலுவிழக்கும், அதற்குக் கீழே இருந்தவை ஒரு படி ஏறி வலுப்பெறும். எவ்வளவு நேரம் பொறுக்கிறோமோ அவ்வளவு பலன். அழகான யோசனை, கற்பதும் எளிது. வெல்வதற்கு மூன்று வெற்றி கார்டுகளிலும் தலா ஒரு குறிக்கோளை முடிக்க வேண்டும் என்பதால் இது ஒரு ஓட்டப்பந்தயம். முடிவு சட்டென்று வந்துவிடுவதால் தோற்பவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. அடிப்படைப் பெட்டியில் நாடு வளர்ந்த உணர்வு கொஞ்சம் மெலிதாகத்தான் இருக்கிறது.

டேப்ஸ்ட்ரி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜேமி ஸ்டெக்மையர் வடிவமைத்து 2019-இல் வந்தது, 1 முதல் 5 பேர். விதிகள் நான்கே பக்கம், வண்ணக் கட்டடங்கள் மேசையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் நான் கேட்கும் கேள்விக்கு இதன் பதில் எனக்கு ஒத்துவரவில்லை. நாகரிகங்களுக்கு இடையே பலம் சமமாக இல்லை. பதிப்பாளரே பின்னர் சில திருத்தங்களை வெளியிட்டார். அந்தத் திருத்தங்களோடு ஆடுங்கள். இன்னொன்று, இதில் ஒவ்வொருவரின் ஆட்டமும் தனித்தனியே முடிகிறது. வளம் சீக்கிரம் தீர்ந்தவர் தன் கடைசி வருமானத்தை எடுத்துவிட்டு, மற்றவர்கள் இருபது முப்பது நிமிடம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்தான் பெரும்பாலும் கடைசி இடத்திலும் இருப்பார்.

ஏழு பேர் வந்துவிட்டார்கள், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் செவன் வொண்டர்ஸ். 2010-இல் வந்த ஆன்ட்வான் போஸாவின் கேம். கையில் உள்ளதில் ஒரு கார்டை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். மூன்று யுகம், யுகத்துக்கு ஆறு கார்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் மூன்று பேரோ ஏழு பேரோ அரை மணி, முக்கால் மணிக்கு மேல் போகாது. படையில் தோற்றால் தோல்விக்கு ஒரு புள்ளி குறையும். இரண்டு பக்கத்திலும் மூன்று யுகத்திலும் தோற்றாலும் மொத்த இழப்பு ஆறுதான். இதில் யாரும் நொந்துபோய் நான் பார்த்ததில்லை. இதை நாகரிக கேம் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். பெரிய கேமுக்கு யாரை அழைக்கலாம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ஆக, குழுவைப் பார்த்து முடிவெடுங்கள். அதே மூன்று நான்கு பேர் மாதம் ஒருமுறையாவது கண்டிப்பாகக் கூடுவார்கள், தோற்றால் ஏன் தோற்றோம் என்று பேசிவிட்டு அடுத்த முறையும் வருவார்கள் என்றால் த்ரூ தி ஏஜஸ் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலோ திறமை ஏற்றத்தாழ்வாக இருந்தாலோ நேஷன்ஸ். நான்கு பேரும் மேப் வேண்டும் என்றால் கிளாஷ் ஆஃப் கல்ச்சர்ஸ், அதில் போர் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆறேழு பேருக்கு முழு நாள் கிடைத்தால் டிரெஷமின் கேமைத் தேடிப் பிடியுங்கள்.

எதை எடுத்தாலும் முதல் ஆட்டத்தை முழுதாக முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நாங்கள் இப்போதெல்லாம் புதியவர் வந்தால் பாதி யுகங்களோடு நிறுத்திவிட்டு, எல்லாருடைய பலகையையும் சுற்றிப் பார்த்து, யார் எங்கே தடுமாறினார்கள் என்று பேசுகிறோம். சொல்லித் தருபவர் அந்த முதல் ஆட்டத்தில் யாரையும் தாக்குவதில்லை, ஆனால் “இந்தச் சுற்றில் உங்களைத் தாக்கியிருக்க முடியும், ஏனென்றால் இது” என்று வாய்விட்டுச் சொல்வார்.

மூன்று மாதம் வராத அந்த நண்பர் நேஷன்ஸுக்குத் திரும்பி வந்தார். நான்கு வளம் எடுக்கும் நிலையில் தொடங்கினார். ஐந்தாவது ஆட்டத்தில் என்னைவிட இரண்டு புள்ளி கூடுதல். பெட்டியை அடுக்கும்போது, அடுத்த முறை மூன்றுக்கு இறங்கிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். த்ரூ தி ஏஜஸ் செயலியையும் தரவிறக்கி வைத்திருக்கிறாராம்.